வாரம் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி.

தரங்கம்பாடியில் கொல்லையிலும் மாடியிலும் வாடிப்போகிற செடிகளில் பெரும்பாலானவை உப்பால் வாடுகின்றன. நாம் அவற்றுக்குப் பசி என்று நினைத்துக்கொண்டு உரம் போடுகிறோம். கடையில் வாங்குகிற உரமும் ஒரு உப்புதான். கடல் காற்றும் சப்பைத் தண்ணீரும் செய்ய மறந்த வேலையை நாம் ஒரு பாக்கெட் வாங்கி வந்து செய்து முடிக்கிறோம். இதற்குப் பெயர் தோட்டக் கலை.

போன மாதம் பொறையாரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வீட்டுத் தோட்டம் பற்றி இலவச வகுப்பு நடந்தது. இதைப் படிக்கிறவர்களில் சிலரையும் அங்கே பார்த்தேன். பேசியவர் யார், எந்தக் கடை நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் சொன்னதுதான் வேண்டும். தொட்டிக்கு வாரம் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. இலை மஞ்சளானால் யூரியா. பூ குறைந்தால் பொட்டாஷ். இவ்வளவுதான் சூத்திரம். முன்வரிசைப் பெரியவர்கள் எல்லாம் மருத்துவர் சீட்டு மாதிரி பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். வாசலில் பாக்கெட் விற்பனை. அரைக் கிலோ டி.ஏ.பி. 120 ரூபாய். விவசாயிக்கு 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய், அதாவது கிலோ 27 ரூபாய். அந்தக் கணக்கில் அரைக் கிலோ பதின்மூன்றரை ரூபாய். மானியச் சரக்கை விவசாயம் செய்யாதவனுக்கு ஏன் அதே விலையில் தர வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். விலையை விட்டுவிடுகிறேன். என் சண்டை அந்த ஸ்பூனோடு.

குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் கூட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. பத்து அங்குல வாய் உள்ள தொட்டியின் மேற்பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு இப்படி 20 தொட்டி. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 100 கிராம். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 400 கிலோ, அதாவது 8 மூட்டை. நம் பக்கம் சம்பாவுக்கு அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. போடுவது வழக்கம். அதுவும் போகத்துக்கு ஒரு தடவை. மண்டபத்துச் சூத்திரத்தில் வாரம் 8 மூட்டை, மாதம் 32 மூட்டை. தொட்டியில் மண் கொஞ்சம், தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்து அடித்துளை வழியே ஒழுகிவிடும், வயல் கணக்கு தொட்டிக்கு ஒத்துவராது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். நாலு மடங்கு தள்ளுபடி தருகிறேன். அப்போதும் ஒரு மாதத்தில் எட்டு வருடத்து அடியுரம் அந்தத் தொட்டிக்குள் போயிருக்கிறது.

போனால் என்ன ஆகும்? மாங்காயை நறுக்கி உப்பைப் பிசறி வையுங்கள். அரை மணியில் துண்டு சுருங்கித் தண்ணீர் ஜாடியில் நிற்கும். வேருக்கும் அதே விதி. மண்ணில் உள்ள நீரில் உப்பு ஏறினால் வேரால் அந்த நீரை இழுக்க முடியாது. தொட்டி நனைந்திருக்கும், செடி தாகத்தில் துவளும். இலை ஓரம் பீடி சுட்டது மாதிரி கருகும். பார்க்கிறவர், "பாவம், சத்துக் குறைவு" என்று இன்னொரு ஸ்பூன் வைப்பார்.

உரங்களில் எது எவ்வளவு உப்புத்தன்மை உடையது என்று ஒரு அட்டவணை உண்டு. சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்து மற்றவற்றை அளந்தது. நாம் சாதாரணமாக வாங்கும் சிவப்புப் பொட்டாஷ், மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது, 116. யூரியா 75. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 46. டி.ஏ.பி. 30-ஐ ஒட்டி. சூப்பர் பாஸ்பேட் வெறும் 8. தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் பாயும் களிமண்ணில் இந்த அட்டவணையைப் பார்க்காமலே ஒருவர் காலம் தள்ளிவிடலாம். வங்கக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற நமக்கு அது முடியாது.

நம் மண்ணைப் பற்றி நமக்கே தெரிந்ததுதான். மணல், அதில் கிளிஞ்சல் துண்டுகள். எரு தங்காது, தண்ணீர் தங்காது. மணலுக்கு அடியில் மழைநீர் மெல்லிய ஏடு மாதிரி உப்பு நீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அந்த ஏட்டைத்தான் நம் முன்னோர் ஆழமில்லாத கிணறு வெட்டி, ராட்டினத்தில் இறைத்துக் குடித்தார்கள். இப்போது ஆளுக்கொரு போர், ஆளுக்கொரு மோட்டார். ஏட்டை உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். இதற்குப் பொறியியல் படிக்க வேண்டாம், இளநீரை உறிஞ்சு குழல் போட்டுக் குடித்த யாருக்கும் புரியும். கோடையில் அந்தத் தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றுகிறோம். நீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. பங்குனியில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அதை உரம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26-ஐ நமக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கடல் வந்து போன பிறகு உள்ளே இருந்த வயல்களில் கறுப்புச் சேறும் உப்பும் நின்றன. அப்போது வந்த வேளாண்மைத் துறைக்காரர்களும் இயற்கை விவசாயக்காரர்களும் மற்ற எல்லாவற்றிலும் எதிரெதிராக நின்றாலும், முதல் வேலை எது என்பதில் ஒரே பேச்சுதான் பேசினார்கள். சேற்றை வாரு, அடைத்த வடிகாலைத் திற, மழைத் தண்ணீரைத் தேக்கி வடியவிடு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழு. நாகப்பட்டினம் கடலோரத்தில் நம்மாழ்வார் அலைந்து திரிந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். 2005 வடகிழக்குப் பருவமழை வேறு கொட்டித் தீர்த்துக் கழுவிவிட்டுப் போனது. வயலுக்குச் சொன்ன இந்தப் பாடத்தைக் கொல்லைக்கு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. முதலில் உப்பைக் கழுவு, பிறகு மண்ணுக்கு உடம்பு கொடு, சோறு அப்புறம். இந்த வரிசை மாறினால் சோறே விஷம்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். எங்கள் பின்தெருவில் ஒரு அம்மாள், கணவர் இல்லை. கொல்லையில் 30 மல்லிகைச் செடி. அரும்பு பறித்துக் கட்டி விற்பதுதான் சித்திரை, வைகாசி வருமானம். மற்ற மாதங்களுக்கு ரேஷன் அரிசியும் மகன் அனுப்புவதும். பூ நிறைய வர வேண்டும் என்று ஒரு கடையில் யோசனை கேட்டிருக்கிறார். செடிக்கு ஒரு பிடி சிவப்புப் பொட்டாஷ் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பங்குனி வெயில், போர்த் தண்ணீர், செடிக்கு ஒரு பிடி. பத்தாம் நாள் இலை ஓரம் கருகியது. மறுபடி கடைக்குப் போனார். என்னிடம் அவர் வந்தது அதற்கு அப்புறம்.

"ஐயா, கடைக்காரத் தம்பி இன்னொரு பிடி வைக்கச் சொல்லுது. வச்சிட்டேன். இப்ப கிளையெல்லாம் காயுது."

மழைநீர்த் தொட்டியில் மிச்சம் இருந்ததையும் குழாய்த் தண்ணீரையும் குடம் குடமாக ஊற்றிக் கழுவினோம். 30-இல் 11 பிழைத்தது. நான் அந்தக் கடைக்கே போய்க் கேட்டேன். "சார், கேக்கறாங்க, கொடுக்கறோம்" என்றார் அந்தப் பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. எந்த மண், எந்தத் தண்ணீர், என்ன செடி என்று கேட்கச் சொல்லி அவனுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் மருந்துக் கடையில் இப்படி விற்றால் நாம் சும்மா இருப்போமா?

இத்தனைக்கும் மல்லிகைக்கு அளவு தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அச்சடித்துத் தந்திருக்கிறது. செடிக்கு வருடத்துக்கு 10 கிலோ தொழு உரம். தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. இரண்டாகப் பிரித்து, கவாத்து செய்தபின் நவம்பரில் ஒரு தடவை, ஜூன், ஜூலையில் ஒரு தடவை. நவம்பர் என்பதைக் கவனியுங்கள். மழை மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும் மாதம். கத்திரி வெயிலில் யாரும் போடச் சொல்லவில்லை.

அடுத்தது மஞ்சள் இலை. இதில்தான் நம்மூர்ச் செம்பருத்திகள் அநியாயமாகச் சாகின்றன. கீழே இருக்கிற முதிர்ந்த இலை முழுவதுமாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே இருக்கிற துளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டது மாதிரி இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. கிளிஞ்சல் மணல் காரத்தன்மை உடையது. அதில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கரைந்து கிடைக்காது. அங்கே யூரியா போட்டால் ஒன்றும் நடக்காது. கார மணலில் வெயில் நேரத்தில் மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். டி.ஏ.பி. போட்டால் இன்னும் மோசம். மணிச்சத்து மிஞ்சினால் கொஞ்சநஞ்சம் கிடைத்துக்கொண்டிருந்த இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்க முடியாமல் செய்துவிடும். செய்ய வேண்டியது என்ன? நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, வடிகட்டி, சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. செலவு பத்து ரூபாயைத் தாண்டாது. மண்டபத்தில் இதைச் சொல்லாததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம். பொருள்களைப் பற்றிய பாடம் என்று அர்த்தம். சுண்ணாம்பு, சாணம், கம்பளி என்று கண்ணில் படுவதையெல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். அதில் இரண்டு சொல் வரும். 'ஆங்க்ரே' என்பது ஒன்று. கொழுக்க வைப்பது என்ற வினையிலிருந்து வந்தது, செடிக்குத் தீனி. 'அமாந்த்மான்' என்பது இன்னொன்று. திருத்துவது, அதாவது மண்ணைச் சீர்படுத்தப் போடுகிற சுண்ணாம்பு, களிமண், மக்கு. ஒன்றை மற்றதன் இடத்தில் எழுதினால் எங்கள் வாத்தியார் சிவப்பு மையால் அடித்துவிடுவார். பிரெஞ்சுக்காரனைப் புகழ இதைச் சொல்லவில்லை. நம்மிடமும் இரண்டு சொல் இருந்தது: எரு, உரம். கொழிஞ்சி, பூவரசு இலை, கோடையில் குளத்தில் வெட்டிய வண்டல், ராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுப்பு முடிந்த வயலில் போட்ட ஆட்டுக்கிடை, இதெல்லாம் எருவின் குடும்பம். திருவள்ளுவரே ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது நல்லது என்றவர், அதற்கு முந்திய குறளில் உழுத மண்ணை நன்றாக உலரவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறார். அவருக்கு மண்தான் முதல். நாம் எல்லாவற்றுக்கும் உரம் என்று ஒரே சொல்லைப் போட்டுப் பேசத் தொடங்கிய நாளிலிருந்து மண் நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. சாணிக்கும் உரம், யூரியாவுக்கும் உரம், பாட்டிலில் வருகிற கறுப்புத் தண்ணீருக்கும் உரம்.

பாட்டில் என்றதும் நினைவு வருகிறது. நானோ யூரியா என்று 2021-இல் இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் பாட்டிலை இப்போது தொட்டிச் செடிக்காரர்களும் வாங்குகிறார்கள். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஒரு பாட்டில் சமம் என்று விளம்பரம். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆகக் கிட்டத்தட்ட 20 கிலோ 700 கிராம். முதலில் வந்த பாட்டிலில் 4 சதவீதம். அரை லிட்டருக்கு 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. நுண்துகள் இலை வழியே நேராக உள்ளே போவதால் வீணாவதில்லை, கொஞ்சமே போதும் என்பது அவர்கள் வாதம். ஒரு துளியும் வீணாகாவிட்டாலும் 20 கிராம் 20 கிலோவாகுமா என்பது என் வாதம். என் வாதத்தைக் கேட்க ஆளில்லை. ஆனால் 2023-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் இரண்டு பேர், 'பிளான்ட் அண்டு சாயில்' என்ற ஆய்விதழில் இதே கேள்வியை இன்னும் கடுமையாகவே எழுதினார்கள். 1845-இல் நம்மூரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்கள் நமக்குச் செய்த உபகாரங்களில் இதையும் நான் சேர்த்துக்கொண்டேன். பிறகு 20 சதவீதச் சத்தோடு வேறு பாட்டில் வந்தது. அதிலும் அரை லிட்டருக்கு நூறு கிராம் அளவில்தான் வரும். கணக்கு இன்னும் எட்டவில்லை.

டேனிஷ்காரர் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. 1768-இல் இங்கே வைத்தியராக வந்த கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் அவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கொல்லைகளில் யாரும் ஒன்றும் வாங்கிப் போடாத செடியும் அதுதான். புளித்த மோரை ஊற்றுவார்கள், மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுவார்கள், ஒடித்துக்கொண்டே இருப்பார்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

கடை உரத்தை இவ்வளவு திட்டினால் வீட்டு வைத்தியக் கட்சி என்னைத் தோளில் தூக்கிக்கொள்ளும். அவர்களுக்கும் பாக்கி வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் தினம் ஒரு முட்டை ஓடு வருகிறது. முட்டை ஓடு என்பது சுண்ணாம்புச் சத்து. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஊரில், கிளிஞ்சல் மணலில், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அடுப்புச் சாம்பலும் அப்படியே. சாம்பல்சத்து என்ற பெயரைக் கேட்டு அள்ளிக் கொட்டுகிறார்கள். அதில் பொட்டாஷ் உண்டு, மறுக்கவில்லை. கூடவே காரமும் உண்டு. செம்மண்காரர் போடட்டும், நமக்கு ஏற்கெனவே காரம் மிஞ்சிக் கிடக்கிறது. அவரைக் கொடியில் பூச்சிக்குத் தூவுகிற ஒரு பிடிக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். டீத்தூள் கழிவைப் பாலும் சர்க்கரையுமாகப் போட்டால் எறும்புக்கு விருந்து. தென்னை நார்க்கழிவுக் கட்டி இன்னொரு ஆபத்து. மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து எடுத்த நாராக இருந்தால் அந்தக் கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழியாமல் தொட்டியில் நிரப்பினால் விலை கொடுத்து உப்பு வாங்கின கதைதான். மக்காத நார்க்கழிவு மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் கழிவு நல்ல எரு, நம் ஊருக்கே உரிய எரு. வெல்லம் சேர்த்து ஊறவைத்த மீன் அமிலமும் நல்லதே. ஆனால் கருவாட்டுக் கழிவைக் கொட்டாதீர்கள். அதில் மீனைவிட உப்பு அதிகம்.

அப்படியானால் ரசாயனமே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: நான் அந்தக் கட்சியும் இல்லை. சாணியிலிருந்து வந்த நைட்ரேட்டா, மூட்டையிலிருந்து வந்ததா என்று வேருக்கு அடையாளம் தெரியாது. நமக்கு எதிர்க்கரையிலேயே 2021-இல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. மே மாதம் தடை. நெல்லும் தேயிலையும் அடி வாங்கி, விவசாயிகள் தெருவுக்கு வந்து, நவம்பரில் தடையை விலக்கினார்கள். எருவால் நிலத்தைப் பழக்க வருடங்கள் ஆகும். கெஜட்டில் ஒரு நாளில் எழுதிப் பழக்க முடியாது. அதே மாதிரி நம்மாழ்வார் படத்தைப் போட்டு லிட்டர் 400 ரூபாய்க்குக் கறுப்புத் தண்ணீர் விற்கிறவர்களும் அவரைப் படித்தவர்கள் இல்லை. அவர் பேசியது மண்ணை.

நம் கடற்கரைக் கொல்லைக்கு நான் சொல்லுகிற தேர்வு இதுதான். மணிச்சத்துக்கு டி.ஏ.பி.யை விட்டு சூப்பர் பாஸ்பேட் வாங்குங்கள். சத்து 16 சதவீதம்தான், மூட்டை பார்க்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உப்புத்தன்மை குறைவு, அதில் ஏறக்குறைய பாதி ஜிப்சம், கூடவே கந்தகம். பூச்செடிக்குப் பொட்டாஷ் அவசியம் என்றால் சல்பேட் பொட்டாஷ். விலை அதிகம், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்துக்குக் கடலைப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும். மெதுவாகக் கரையும், மணலில் ஒரே மழைக்கு ஓடிவிடாது. பிண்ணாக்கை ஊறவைத்தால் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். கெட்டியாக ஊற்றினால் புழு வரும், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். செடி வைக்கும் முன் குழிக்கு ஒரு கூடை வண்டலோ களிமண்ணோ, இரண்டு கூடை மக்கிய தொழு உரமோ போடுவதற்கு ஈடு எதுவும் இல்லை. மேலே மட்டையும் சருகும் மூடாக்கு. காலியாகக் கிடக்கிற இடத்தில் ஆடியில் தக்கைப்பூண்டு தூவி 45 நாளில் வெட்டி அதே இடத்தில் புதையுங்கள். அது உப்புக்கும் அஞ்சாது, காற்றிலிருந்து தழைச்சத்தையும் பிடித்துத் தரும்.

தென்னைக்கு மட்டும் இந்தச் சட்டம் வேறு. கன்று வைக்கிற குழியில் உப்பைப் போட்டு வளர்க்கிற மரம் அது. சிவப்புப் பொட்டாஷில் இருக்கிற குளோரைடைத் தென்னை சாப்பாடாகவே எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு மரத்துக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர், 2 கிலோ பொட்டாஷ், இரண்டாகப் பிரித்து, அடியிலிருந்து ஆறடி சுற்றி வட்டப்பாத்தியில். பழுத்த தென்னைக்குச் சொன்ன இந்த அளவைப் பார்த்துவிட்டு அதே கையால் பக்கத்து ரோஜாவுக்கும் ஒரு பிடி வைப்பதுதான் நம்மூர் வழக்கம்.

செடி செத்தால் இன்னொன்று வைக்கலாம். எனக்கு உண்மையான பயம் கிணற்றைப் பற்றி. மணலில் போட்ட தழைச்சத்தில் செடி எடுத்ததுபோக மீதி நைட்ரேட்டாக மழையோடு இறங்கி, அந்த மெல்லிய நல்லதண்ணீர் ஏட்டில் போய்ச் சேருகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, உப்பு மாதிரி நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினால் போகாது, நீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பூக்கும் ஆபத்து உண்டு. விடுமுறைக்குப் பேரப் பிள்ளைகள் வரும் வீடுகளில், கிணற்றுக்கு நாலடி தள்ளி ரோஜாத் தொட்டிகளை வரிசையாக அடுக்கி வாரா வாரம் யூரியா வைக்கிறார்கள். என் வயதுக்காரர்களே அப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் என்னை எழுத வைத்தது.

வாங்குவதற்கு முன் பரிசோதியுங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து இருக்கிறது, காரைக்காலில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, அரசு மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. நம் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். வீட்டுக் கொல்லைக்கெல்லாம் எதற்குச் சார் என்று இழுப்பார்கள். நில்லுங்கள், கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். தட்டிக் கழிப்பது எப்படி என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். சீட்டு வந்ததும் முதலில் தழை, மணி, சாம்பல் எண்களைப் பார்க்காதீர்கள். மின்கடத்துதிறன் என்ற வரியைப் பாருங்கள். அதில் 4-க்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். எந்த உரமும் வாங்காமல் மழைக்குக் காத்திருங்கள். அடுத்து கார அமில நிலை. 8-ஐத் தாண்டினால் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு மூன்றுக்கும் தடை.

மண் எடுப்பதை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். உரம் போட்ட இடம், எருக்குழி, கிணற்றடி மூன்றையும் தவிர்த்து, ஐந்தாறு இடத்தில் மேல் சருகை நீக்கி அரையடி ஆழத்துக்கு ஆங்கில வி மாதிரி வெட்டி, பக்கச் சுவரில் ஒரே கனத்தில் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ துணிப்பையில். உரச் சாக்கில் மட்டும் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரும் ஒரு லிட்டர் தனியாக. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே இரண்டு தடவை அலசி, பிறகு நிரப்புங்கள்.